அந்த இரண்டு சொட்டுகளையும் திருப்பிக் கொடுங்கள்

மாவட்ட மாணவர் கவிதைப் போட்டியின் அமைப்பாளர்களுக்கும், நடுவர்களுக்கும், தொகுப்பு மலரின் ஆசிரியர் குழுவினருக்கும்,

இந்த ஆண்டுப் போட்டிக்கான விதிமுறைத் தாள் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அதில் புதிதாக ஒரு விதியைச் சேர்த்திருக்கிறீர்கள். கவிதைகளைக் கணினியில் தட்டச்சு செய்து நேர்வரிகளில் மட்டுமே அனுப்ப வேண்டும். பொருள்களின் உருவத்தில் எழுதியவற்றையும், தாளைத் திருப்பிப் படிக்க வேண்டியவற்றையும் பரிசீலிக்க மாட்டீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, அன்றாடப் புழங்குபொருள்களைப் பற்றி எழுதுவதைத் தவிர்த்து உயர்ந்த கருத்துகளைப் பாடுமாறு மாணவர்களைக் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. காவிரிக் கடைமடையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் நான். என் வகுப்புப் பிள்ளைகள் குழாயையும் குடத்தையும் பஞ்சர் ட்யூபையும் பற்றி, அந்தந்தப் பொருளின் உருவத்திலேயே கவிதை எழுதுகிறார்கள். உங்கள் விதி அவர்களை மொத்தமாக வெளியே நிறுத்துகிறது. ஆகவே இதை உங்களுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன ஆண்டு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மலரில் எங்கள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கவிதை வெளிவந்தது. அவள் கையால் எழுதி அனுப்பியது இது:

பஞ்சாயத்துக் குழாயைத் திறந்தேன்
காற்று வந்தது
அப்புறம்
சொ
ட்
டு

சொ
ட்
டு


சொ
ட்
டு
இன்னும் எத்தனை பேர் என்று கேட்கிறது வரிசையில் நிற்கும் குடம்

மேலே நீளமாக ஓடும் வரிதான் குழாய். அது குறுகிக் குறுகி வாயாகிறது. அப்புறம் எழுத்து எழுத்தாகத் தண்ணீர் விழுகிறது. முதல் சொட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு வரி இடம் விட்டிருக்கிறாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இரண்டு வரி. மோட்டாரை நிறுத்திய பிறகு தெருக்குழாய் எப்படி வடிந்து அடங்கும் என்பதை நின்று பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த இடைவெளி தெரியும். அடியில் மறுபடி அகலமான வரி. குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடம் அது.

உங்கள் மலரில் அது அச்சானது இப்படி:

பஞ்சாயத்துக் குழாயைத் திறந்தேன், காற்று வந்தது,
அப்புறம் சொட்டு. இன்னும் எத்தனை பேர் என்று
கேட்கிறது வரிசையில் நிற்கும் குடம்.

மூன்று சொட்டில் இரண்டை எடுத்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு உங்கள் குழுவிலிருந்து வந்த பதில், "கூறியது கூறல்" என்பது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் அது ஒன்று என்பது எனக்கும் தெரியும். வருடா வருடம் அதை நானே வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் அந்தக் கவிதையில் மூன்றாவது சொட்டு முதல் சொட்டை மறுபடி சொல்லவில்லை. முதல் சொட்டு விழும்போது தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. மூன்றாவது சொட்டு விழும்போது, இன்றைக்கு அவ்வளவுதான் என்பது தெரிந்துவிடுகிறது. இந்த மாற்றத்தை அவள் ஒரு சொல்லாலும் சொல்லவில்லை, இடைவெளியாலேயே சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை அதைச் செய்திருக்கிறாள். நீங்கள் அதைப் பிழை என்று திருத்தியிருக்கிறீர்கள்.

மலர் வந்த அன்று அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது நான் எழுதினது இல்ல" என்றாள். கீழே அவள் பெயரும் வகுப்பும் பள்ளியும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அச்சாகியிருந்தன.

சரி, ஒரு முறை நடந்துவிட்டது, சொன்னால் திருத்திக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஆண்டு அதையே விதியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

விதியின் காரணத்தைத் தொலைபேசியில் கேட்டபோது உங்கள் அலுவலகத்தில் பொறுமையாகவே பதில் சொன்னார்கள். உருவம் வரைவது ஓவியப் போட்டியில் சேரும் என்றார்கள். செருப்பும் துடைப்பமும் கவிதைக்கு உகந்த பொருள்கள் ஆகா என்றார்கள். அச்சிடுவதும் சிரமம், இணையப் படிவமும் இடைவெளிகளை ஏற்காது என்றார்கள். இந்த மூன்றையும் பற்றி, வகுப்பில் நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

உருவக் கவிதை என்றதும் பலர் நினைப்பது, ஒரு பூவின் கோட்டுப்படத்தை வரைந்து அதற்குள் எழுத்துகளைக் கொட்டி நிரப்புவது. அப்படி வந்தால் என் வகுப்பிலேயே நான் ஏற்பதில்லை. பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் கோட்டை ரப்பரால் அழித்துவிட வேண்டும். கோடு போன பிறகும் சொற்கள் மட்டுமே அந்தப் பொருளாக நிற்க வேண்டும். நின்றால்தான் அது முடிந்தது. பிறகு இன்னொரு சோதனையும் செய்கிறோம். அதே கவிதையைக் கரும்பலகையில் நேர்வரியாக எழுதிப் போடுவேன். எல்லோருமாகப் படிப்போம். ஒன்றுமே குறையவில்லை என்றால் அந்த உருவம் வெறும் ஒப்பனை. எழுதிய பிள்ளையே அதை ஒத்துக்கொண்டு வேறு வழி தேடும். ஏதோ குறைகிறது என்று வகுப்பு சொன்னால், என்ன குறைகிறது என்று கேட்பேன். அதை விளக்கப் பிள்ளைகள் படும் பாட்டில்தான் கவிதை என்றால் என்ன என்பது அவர்களுக்குப் பிடிபடுகிறது. யாப்பிலக்கணம் நடத்தும்போதுகூட அவ்வளவு வாக்குவாதம் என் வகுப்பில் நடந்ததில்லை.

இந்த ஆண்டு உங்கள் போட்டிக்கென்று நாங்கள் எடுத்துவைத்திருந்த ஒரு கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவன் சைக்கிள் கடைக்காரர் ஒருவரின் மகன். வாசிக்கத் திணறுகிறவன், கட்டுரை என்றால் நான்கு வரியைத் தாண்டாதவன். அவன் வீட்டுப் பொருள் பஞ்சர் ட்யூப். காற்றடித்த ட்யூபைத் தகர வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எடுத்து, துடைத்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கொஞ்சம் காய்ந்ததும் ஒட்டு வைப்பார்கள். இவ்வளவையும் அவன் தினமும் பார்க்கிறான்.

அவன் எழுதியது ஒரு வட்டம். வட்டம் முழுக்க "எங்கே எங்கே எங்கே" என்ற ஒரே சொல் சுற்றி வருகிறது. ஓர் இடத்தில் மட்டும் வட்டத்தில் ஓர் எழுத்தளவு விடுபட்டிருக்கிறது. அந்த இடைவெளிக்கு நேர் மேலே, காகிதத்தின் வெற்றிடத்தில், "இ" என்ற எழுத்து தனியாக மிதக்கிறது. அதற்கும் மேலே கொஞ்சம் பெரிதாக "தோ". வட்டத்துக்கு உள்ளே நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "அப்பாவின் விரலுக்குக் கண் இருக்கிறது."

இதை உங்கள் விதிப்படி நேர்வரியாக்கினால் "எங்கே எங்கே எங்கே இதோ அப்பாவின் விரலுக்குக் கண் இருக்கிறது" என்று வரும். படிக்கிறவருக்கு ட்யூபும் தெரியாது, தண்ணீரும் தெரியாது, எதைத் தேடுகிறார்கள் என்பதும் தெரியாது. தேடுகிற பொருளின் பெயரை அவன் எங்குமே எழுதவில்லை, ஏனென்றால் எழுதத் தேவை இருக்கவில்லை. இதை ஓவியப் போட்டிக்கு அனுப்பச் சொல்கிறீர்கள். அதில் ஓவியம் என்று ஒரு கோடுகூட இல்லையே, இருப்பதெல்லாம் எழுத்துதானே. ஓவிய நடுவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அந்தப் பையன் அந்த வட்டத்துக்காக எத்தனை தாளைக் கிழித்தான் என்று எனக்குத் தெரியாது. குப்பைக்கூடை நிறைந்திருந்தது. "எங்கே" என்பதில் கொம்பு எங்கே வரும், ஒற்று எங்கே வரும் என்று எழுத்து எழுத்தாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உருவக் கவிதை எழுதும் பிள்ளை எழுத்தெண்ண வேண்டியிருக்கிறது. குடத்தை எழுதிய பிள்ளைக்குக் கழுத்துப் பகுதியில் இரண்டெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. தண்ணீர் என்று எழுதினால் நான்கெழுத்து, கழுத்து வீங்கிவிடுகிறது. புனல் போட்டுப் பார்த்தாள், மூன்றெழுத்து. கடைசியில் நீர் என்று எழுதி நிம்மதியானாள். ஒரு பொருள் குறித்த பல சொற்களை மனப்பாடப் பகுதியாக நான் எத்தனையோ முறை கொடுத்திருக்கிறேன். ஒரு சொல் தேவைப்பட்டு, அதைத் தேடிக்கொண்டு ஒரு பிள்ளை அகராதியைப் புரட்டுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்து, அன்றாடப் பொருள்கள் வேண்டாம் என்பது. இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

நடுவர்களே, ஒவ்வோர் ஆண்டும் உங்கள் மேசைக்கு வரும் கட்டுகளை நினைத்துப் பாருங்கள். தாய்மொழி, தாய்நாடு, இயற்கை என்ற தலைப்புகளில் வரும் கவிதைகளில் தேனும் அமுதும் கன்னலும் எத்தனை முறை வருகின்றன? அவற்றில் பலவற்றை எழுதியது பிள்ளையா, அப்பாவா, எங்களைப் போன்ற ஆசிரியர்களா என்பதும் உங்களுக்குத் தெரியும். தமிழை அமுதே என்று பாடும் பிள்ளைக்குத் தமிழின் மேல் அன்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சொல் அவனுக்கு முன்பே யாரோ சொல்லிவைத்த சொல். எடுத்து வைத்தால் போதும். பஞ்சர் ட்யூபுக்கு அப்படி யாரும் எதையும் சொல்லி வைக்கவில்லை. அவனே பார்த்து, அவனே சொல்ல வேண்டியிருக்கிறது. என் வகுப்பில் பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் எழுத ஆரம்பிக்கிறோம். தொட்டுப் பார்க்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாணவி தன் அப்பாயியின் சுருக்குப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அதை அவள் சுருளாக எழுதினாள்: வெளிச்சுற்றில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அடுத்த சுற்றில் பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, பெட்டிச் சாவி, உள்ளே போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே போய், நடுப்புள்ளியில் "எனக்குத் தேன்மிட்டாய்க்கு". தாளைக் கையில் சுற்றிக்கொண்டேதான் அதைப் படிக்க முடியும். அப்பாயி பைக்குள் கைவிட்டுத் துழாவுவதை அப்போது படிக்கிறவரின் கையே செய்கிறது. உங்கள் விதி தடுப்பது இதைத்தான்.

இதெல்லாம் ஏதோ மேல்நாட்டுப் புதுமோகம் என்று உங்களில் சிலர் நினைப்பதாகத் தெரிகிறது. மேல்நாட்டிலும் உண்டு, உண்மைதான். பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர் மழையைப் பற்றிய கவிதையை மேலிருந்து சாய்வாக இறங்கும் எழுத்துச் சரங்களாகவே எழுதினார். அது அடங்கிய தொகுப்பு 1918இல் வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் இதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவியை நான்காகப் பிரித்த மொழி நம்முடையது. அதில் சித்திரகவி என்பது எழுத்துகளை ஓர் உருவத்திலோ கட்டத்திலோ அமைத்துப் பாடுவது. அதற்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் தன் சொல்லணியியலில் இலக்கணம் சொல்கிறது. நாகபந்தம், முரசபந்தம், சக்கரபந்தம் என்று பாம்பின் உடலிலும் முரசின் வார்களிலும் சக்கரத்தின் ஆரங்களிலும் எழுத்தை ஓடவிட்டுப் பாடிய புலவர்கள் நமக்கு இருக்கிறார்கள். பரிதிமாற் கலைஞர் சித்திரகவிக்கென்றே தனியாக ஒரு விளக்க நூல் எழுதினார். பாம்பன் சுவாமிகள் மயிலின் உருவத்திலும் தாமரையின் உருவத்திலும் முருகனைப் பாடினார். அவர் 1929 வரை நம்மோடு வாழ்ந்தவர்.

தாளைத் திருப்பிப் படிக்க வேண்டியதை ஏற்கமாட்டோம் என்கிறீர்கள். தண்டியலங்காரம் காட்டும் சுழிகுளத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கீழே தருகிறேன்.

க வி மு தி யா ர் பா வே
வி லை ய ரு மா ந ற் பா
மு ய ல் வ து று ந ர்
தி ரு வ ழி ந் து மா யா

வரிக்கு எட்டெழுத்து, நான்கு வரி. இடது ஓரத்தில் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழே படியுங்கள்: கவிமுதி. அப்படியே வலது ஓரத்துக்குப் போய்க் கீழிருந்து மேலே ஏறுங்கள்: யார்பாவே. முதல் வரி வந்துவிட்டது. இடமிருந்து இரண்டாவது எழுத்துகளில் இறங்கி, வலமிருந்து இரண்டாவது எழுத்துகளில் ஏறினால் இரண்டாம் வரி. இப்படியே உள்ளே போனால் நான்கு வரியும் வரும். குளத்தில் நீர் சுழித்து உள்வாங்குவது போலப் படிக்க வேண்டும் என்பதால்தான் அதற்குச் சுழிகுளம் என்று பெயர். என் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியபோது, பிள்ளைகள் எழுந்து வந்து விரலை வைத்துப் படித்துப் பார்த்தார்கள். மணி அடித்த பிறகும் நகரவில்லை. இந்தப் பாட்டை இன்றைக்கு யாராவது உங்கள் போட்டிக்கு அனுப்பினால், உங்கள் விதிப்படி அது முதல் சுற்றிலேயே போய்விடும்.

உயர்ந்த கருத்து என்றும் சொல்கிறீர்கள். கோமூத்திரி என்ற சித்திரகவி எதன் உருவம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்துகொண்டே பெய்யும் மாட்டின் சிறுநீர் தெருமண்ணில் விட்டுப்போகும் நெளிந்த தடம் அது. இரண்டு வரிகளை மேலும் கீழுமாக எழுதி, ஒன்றுவிட்டு ஒன்றாக மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் மாறி மாறிப் படித்தாலும் அதே வரிகள் வரும்படி பாட வேண்டும். அதற்கு அந்தப் பெயரை வைக்க நம் இலக்கணக்காரர்கள் கூசவில்லை. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் சீகாழியைப் பாடிய பதிகங்களில் கோமூத்திரியும் இருக்கிறது, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே வரி வரும் மாலைமாற்றும் இருக்கிறது, எழுகூற்றிருக்கையும் இருக்கிறது. தெருமண்ணின் ஈரத்தடம் தேவாரத்துக்குள் வரலாம், தெருக்குழாய் மட்டும் மாணவர் மலருக்குள் வரக்கூடாதா?

குடந்தை ஆராவமுதனைத் திருமங்கையாழ்வார் பாடிய திருவெழுகூற்றிருக்கையையும் வகுப்பில் படித்தோம். ஒரு, இரு, ஒரு என்று ஏறி இறங்கி, அடுத்து ஒரு, இரு, மும், இரு, ஒரு என்று எண்கள் சொற்களுக்குள் ஒளிந்துகொண்டு ஏழு வரை போய் இறங்கும். அடுக்கடுக்காக எழுதினால் தேராகிறது. கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் கருவறையே சக்கரங்களோடும் குதிரைகளோடும் தேராக நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது. கல்தச்சர் செய்ததையும் கவிஞர் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லிக்கொடுக்க அதிகம் மிச்சம் இருப்பதில்லை.

சித்திரகவியை வெறும் சொல் வித்தை என்று ஒதுக்குகிற அறிஞர்கள் உண்டு. எழுத்து கட்டத்துக்குள் உட்கார்ந்தால் போதும் என்று பொருளைப் பறிகொடுத்த பாட்டுகளும் நிறையவே இருக்கின்றன. அந்தக் குறை சரிதான். என் மாணவர்கள் யாரும் பந்தம் பாடவும் இல்லை, பாடச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். அவர்கள் எழுதுவது தங்கள் பேச்சுத்தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும் எளிய வரிகள். ஆனால் எழுத்து தாளில் எங்கே நிற்கிறது என்பதும் பொருள் தரும் என்ற அறிவு நம் மொழியில் பழையது. அதைத் தமிழ் வளர்ப்பதற்கென்று நடக்கும் போட்டியே விதி போட்டுத் தடுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அச்சுச் சிரமத்துக்கு வருகிறேன். இதில் உண்மை இருக்கிறது. உங்கள் இணையப் படிவத்தில் தட்டினால் அடுத்தடுத்து வரும் வெற்றிடங்கள் சுருங்கி ஒரே இடைவெளியாகிவிடுகின்றன. நானும் செய்து பார்த்தேன். கணினியில் தமிழ் எழுத்துகளை வளைவில் ஓடவிட்டால் சில மென்பொருள்களில் கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகப் பிரிந்துவிடுகிறது. ஞாவுக்கும் ரவுக்கும் அகலம் வேறு வேறு என்பதால் தட்டச்சில் ஓரம் நேராக வருவதும் கஷ்டம்தான். ஆனால் இதெல்லாம் தட்டச்சு செய்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டால்தான். பிள்ளை கையால் எழுதிய தாளை ஸ்கேன் செய்தோ, வெளிச்சத்தில் வைத்து ஃபோனில் படம் பிடித்தோ அனுப்பினால் ஒரு சிக்கலும் இல்லை. கையெழுத்துதான் இந்தக் கவிதைக்குச் சரியான எழுத்துரு. படம் போட வேண்டும் என்றால் தனியாக பிளாக் செய்ய வேண்டியிருந்த காலமும் போய்விட்டது. ஆஃப்செட்டில் எழுத்தும் கோட்டுப்படமும் ஒரே பிளேட்டில்தான் ஏறுகின்றன. கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு அதனால் கூடுதல் செலவு கிடையாது. உங்கள் மலரில் புரவலர்களின் படங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அதே முறையில் ஒரு பிள்ளையின் குழாயும் வரலாம்.

தோற்றுவிடுவோம் என்பதற்காக இதை எழுதவில்லை. பரிசு வேண்டும் என்றும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் கவிதைகளைப் படித்துவிட்டு, இதைவிட அது நன்றாக இருக்கிறது என்று வேறு கவிதைக்குப் பரிசு கொடுத்தால் நானே கைதட்டுவேன். படிக்காமலே, உருவத்தைப் பார்த்ததும் ஒதுக்கி வைப்பது வேறு. சைக்கிள் கடைப் பையனிடம் இந்த விதியை நான் இன்னும் சொல்லவில்லை. நேர்வரியில் எழுதித் தரச் சொல்லி அவனைக் கேட்கவும் மாட்டேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை. நேர்வரி விதியை இந்த ஆண்டே திரும்பப் பெறுங்கள். கையெழுத்துப் படியையோ அதன் தெளிவான படத்தையோ அனுப்பலாம் என்று விதிமுறைத் தாளில் சேருங்கள். அன்றாடப் பொருள்களைத் தவிர்க்கச் சொல்லும் வரியை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். எதைப் பாடுவது என்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

நடுவர் குழுவில், சித்திரகவி மரபை அறிந்த ஒருவரையாவது இந்த முறை சேர்த்துக்கொள்ளுங்கள். உருவத்தில் எழுதிய கவிதை வந்தால், அதை நேர்வரியில் போட்டுப் பார்த்து, ஏதாவது குறைகிறதா என்று குழுவாகப் பேசுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் தாராளமாக நிராகரியுங்கள். எந்த ஆசிரியரும் எதிர்த்துப் பேச மாட்டார். குறைகிறது என்றால் மற்றக் கவிதைகளோடு சமமாக வைத்து மதிப்பெண் போடுங்கள்.

எழுதிய பிள்ளையின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியையும் மாற்றி அச்சிடாதீர்கள். எழுத்துப்பிழையாக இருந்தாலும் பள்ளி வழியாகக் கேட்டுவிட்டுத் திருத்துங்கள். போன ஆண்டு மலரில் சிதைந்த குழாய்க் கவிதையை, மூன்று சொட்டுகளோடும் அவற்றின் இடைவெளிகளோடும், இந்த ஆண்டு மலரில் முழுப் பக்கத்தில் மறுபடி வெளியிடுங்கள். அது திருத்தம் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லுங்கள். அவளுடைய அசல் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. யாரையாவது அனுப்பினால் உடனே கொடுக்கிறேன். அல்லது நானே கொண்டுவந்து தருகிறேன்.

உங்கள் முடிவைப் போட்டியின் கடைசி நாளுக்கு முன்பாகவே எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். விதியைப் படித்துவிட்டுக் கவிதையை மேசைக்குள் எடுத்து வைத்துவிட்ட பிள்ளைகள் மற்றப் பள்ளிகளிலும் இருப்பார்கள். அவர்களுக்கும் அனுப்ப நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியை